பள்ளி மாணவர் பகுதி நேர வேலைக்குப் போகலாமா? வயது, நேரம், அனுமதி: ஓர் எளிய விளக்கம்

ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் மூடும் நாட்களில்தான் மதுரையில் சித்திரைத் திருவிழாக் கூட்டமும் கோடை வியாபாரமும் ஒன்றுசேர்கின்றன. மாசி வீதிகளிலும் விளக்குத்தூண் பகுதியிலும் இருக்கும் கடைகளுக்கு எடுபிடி வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து வீடுகளில், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வரப்போகும் செலவுக்குப் பணம் தேவைப்படுகிறது. இந்த இரண்டு தேவைகளும் சந்திக்கும் இடத்தில், “பையனை லீவுக்கு ஒரு கடையில் சேர்த்துவிடலாமா, அதற்கு எங்கே அனுமதி வாங்க வேண்டும்?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கினால் போதும் என்று சிலரும், பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கடைக்காரருக்குப் பொறுப்பு இல்லை என்று சிலரும் நம்புகிறார்கள். இரண்டுமே தவறு.

பிரிட்டனில் பள்ளி வயதுப் பிள்ளை பகுதி நேர வேலைக்குச் சேர்ந்தால் உள்ளாட்சி அமைப்பிடம் பணி அனுமதிச் சீட்டு பெற வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் இத்தகைய சீட்டு உண்டு. நம் நாட்டில் சாதாரணக் கடை வேலைக்காக ஒரு மாணவரின் பெயரில் எந்த அலுவலகமும் அனுமதிச் சீட்டு வழங்குவதில்லை. இங்கே சட்டம் வேறு வழியில் செல்கிறது: பிள்ளையின் வயது, வேலையின் தன்மை, வேலை நேரம், படிப்பு ஆகிய நான்கையும் பார்த்து, ‘கூடும்’, ‘கூடாது’ என்று தானே கோடு போட்டுவிடுகிறது. கூடாத வேலையை எந்தக் கடிதமும் கூடுவதாக மாற்றாது. கூடிய வேலைக்குப் பிள்ளை அனுமதி தேடி அலைய வேண்டியதில்லை. அறிவிப்பு, பதிவேடு முதலிய கடமைகள் எல்லாம் வேலை கொடுப்பவர் தலையில்தான் விழுகின்றன. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிதில் விளங்கும்.

வயதுக் கணக்கு

அடிப்படையான சட்டம் 1986-ஆம் ஆண்டின் குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் (தடை மற்றும் முறைப்படுத்துதல்) சட்டம். அது 2016-இல் பெரிய அளவில் திருத்தப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் புதிய வடிவில் நடைமுறைக்கு வந்தது. திருத்தத்துக்கு முன்பு 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சில ஆபத்தான வேலைகள் மட்டுமே தடை செய்யப்பட்டிருந்தன. திருத்தத்துக்குப் பிறகு எல்லா வேலைகளுமே தடை செய்யப்பட்டன. 14 வயது நிறைந்து 18 நிறையாதவர்களை ‘வளரிளம் பருவத்தினர்’ என்று தனிப் பிரிவாக்கி, அவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்துவதும் தடை செய்யப்பட்டது.

‘நிறைந்து’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. “பதினாலு நடக்குது” என்று வீட்டில் சொல்லப்படும் பிள்ளைக்குச் சட்டத்தின் கணக்கில் 13 வயதுதான் நிறைந்திருக்கிறது; அந்தப் பிள்ளை இன்னும் குழந்தையே. பதினான்காவது பிறந்த நாள் கடந்த பிறகுதான் அடுத்த பிரிவு தொடங்குகிறது. வயதில் ஐயம் எழுந்து, வயதுச் சான்றும் இல்லாமல் போனால், தொழிலாளர் துறை ஆய்வாளர் அதை மருத்துவ அதிகாரியின் முடிவுக்கு அனுப்பலாம். “பார்த்தால் பெரிய பையன் மாதிரி இருந்தான்” என்பது கடைக்காரரைக் காப்பாற்றும் பதில் அல்ல. சேர்க்கும் அன்றே பிறப்புச் சான்றிதழின் அல்லது பள்ளிச் சான்றின் நகலை வாங்கி வைத்துக்கொள்வதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

14 வயதுக்குக் கீழே: வீட்டு உதவி மட்டும்

குழந்தைக்கு வேலை முற்றிலும் தடை என்ற விதிக்கு இரண்டே விலக்குகள் உள்ளன. ஒன்று, பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறையிலோ தன் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ உதவுவது. மற்றொன்று, திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், விளம்பரம் போன்றவற்றில் கலைஞராகப் பங்கேற்பதும், சர்க்கஸ் நீங்கலான விளையாட்டு நிகழ்வுகளில் பங்கேற்பதும்.

முதல் விலக்குதான் நம் ஊரில் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ‘குடும்பம்’ என்பதற்குச் சட்டம் ஒரு பட்டியல் தருகிறது: தாய், தந்தை, உடன்பிறந்தோர், தந்தையின் உடன்பிறந்தோர், தாயின் உடன்பிறந்தோர். ஆக பெரியப்பா, சித்தப்பா, அத்தை, தாய்மாமன், பெரியம்மா, சித்தி ஆகியோர் அதில் அடங்குகிறார்கள். ஊர் முறைக்கு ‘மாமா’ என்று அழைக்கப்படுகிறவரும், தந்தையின் நண்பரான ‘சித்தப்பா’வும் அடங்கமாட்டார்கள். தாத்தா பாட்டியின் பெயர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. “எல்லாம் சொந்தக்காரர் கடைதான்” என்ற சமாதானம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதுவே எல்லை.

உறவு சரியாக இருந்தாலும் உதவியின் அளவுக்கு 2017-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட விதிகள் கடுமையான வரம்பு வைத்திருக்கின்றன. குழந்தை ஒரு நாளில், ஓய்வு நேரம் போக, மூன்று மணி நேரத்துக்கு மேல் உதவக் கூடாது. பள்ளி நேரத்திலும், இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரையிலும் எந்த வேலையும் கூடாது. வீட்டுப் பாடத்துக்கும் பள்ளி கொடுக்கும் பிற செயல்பாடுகளுக்கும் அந்த உதவி இடையூறாக இருக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் செய்ய வேண்டிய வேலைக்கு அவருக்குப் பதிலாகக் குழந்தையை நிறுத்தக் கூடாது. உற்பத்தியிலோ விற்பனையிலோ குழந்தைக்கோ குடும்பத்துக்கோ வருமானம் தரும் வேலையாக அது அமைந்துவிடவும் கூடாது. அதாவது அம்மாவின் இட்லிக் கடையில் தண்ணீர் எடுத்து வைப்பது உதவி. மாவரைக்கும் ஆள் நின்றுவிட்டதால் அந்த இடத்தில் பிள்ளையை நிறுத்துவது வேலை.

இந்த நேர வரம்பு எவ்வளவு தூரம் பாய்கிறது என்பதை மல்லிகைத் தோட்டத்தில் பார்க்கலாம். மல்லிகை மொட்டு விரிவதற்கு முன்பே பறிக்கப்பட்டு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். வெயில் ஏறிய பிறகு பறித்த பூவுக்கு மதிப்பில்லை. அதனால் பறிப்பு விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் சொந்தத் தோட்டத்தில் அம்மாவுடன் பூப் பறிக்கும் பத்து வயதுப் பிள்ளை, ஒரு ரூபாய் கூலி வாங்காவிட்டாலும், விதிப்படி காலை 8 மணிக்கு முன் அந்த வேலையில் இருக்கக் கூடாது. பூ விவசாயிகளுக்கு இது கசப்பாக இருக்கலாம். பறிப்புக்கு ஆள் கிடைக்காத சிரமம் உண்மையானது. ஆனாலும் இந்த விதி சரியானது என்றே நான் நினைக்கிறேன். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து குனிந்தபடி மொட்டுப் பறித்த பிள்ளை, வகுப்பில் இரண்டாம் பாடவேளையில் கண் அயர்ந்துவிடும்; பள்ளிக்குப் போகிறது என்ற கணக்கு மட்டும் ஏட்டில் இருக்கும். மாணவர் ஒருவர் தலைமையாசிரியருக்குத் தகவல் இல்லாமல் தொடர்ந்து 30 நாட்கள் வராவிட்டால், அதை அவர் உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன.

சில தொழில்களுக்குக் குடும்ப விலக்கும் கிடையாது. வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள், சுரங்கம் ஆகியவை சட்டத்தின் அட்டவணையில் முன்னிலையில் இருக்கின்றன. பக்கத்து விருதுநகர் மாவட்டத்திலுள்ள சிவகாசியின் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் வேலை செய்ததைப் பற்றிய வழக்கில்தான், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பணியில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்காகவும் முதலாளி 20,000 ரூபாயை மறுவாழ்வு நிதியில் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வீட்டுத் திண்ணையில் அப்பாவும் அம்மாவும் திரி சுற்றினாலும் பட்டாசு பட்டாசுதான். அங்கே குழந்தையின் கை பட இடமில்லை.

மெய்யாகவே அனுமதி தேவைப்படும் இடம்

‘அனுமதி’ என்ற சொல்லுக்கு உண்மையாகப் பொருள் இருப்பது இரண்டாவது விலக்கில். மதுரையின் தெருக்களிலும் சுற்றுப்புற ஊர்களிலும் படப்பிடிப்புகள் அடிக்கடி நடக்கின்றன. ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டக் காட்சிக்கு அழைப்பதும் வழக்கமாக இருக்கிறது. 14 வயது நிறையாத குழந்தையை நடிக்க வைக்கும் தயாரிப்பாளர், படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். பங்கேற்கும் குழந்தைகளின் பட்டியலையும், பெற்றோரின் சம்மதத்தையும், குழந்தைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரின் பெயரையும் உறுதிமொழியுடன் கொடுக்க வேண்டும். ஐந்து குழந்தைகளுக்கு ஒருவராவது பொறுப்பாளராக உடன் இருக்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் நடிக்க வைக்கவும் கூடாது. குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு, அதன் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் நிரந்தர வைப்பாகப் போடப்பட்டு, 18 வயது நிறைந்த பின் அதற்கே சேர வேண்டும். பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் பெற்றோர் சம்மதித்தாலும் நடிக்க வைக்கக் கூடாது. ஏஜென்ட் ஒருவர் வந்து அழைக்கும்போது, “கலெக்டர் அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்கள்” என்று கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு.

14 முதல் 18 வரை: கடிகாரத்தைப் பாருங்கள்

பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் படிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் இந்தப் பிரிவில்தான் வருகிறார்கள். ஆபத்தான தொழில் அல்லாத கடை, உணவகம், ஒர்க்‌ஷாப், பண்ணை, தியேட்டர் போன்ற இடங்களில் இவர்கள் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த இடம், கடைக்காரர்கள் நினைப்பதைவிடக் குறுகலானது. தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அதற்குள் குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு கொடுக்க வேண்டும். ஓய்வையும், வேலைக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, ஒரு நாளின் மொத்த நேரம் ஆறு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை இல்லை. ஓவர்டைம் என்பதே இல்லை. ஒரு கடையில் வேலை செய்த அதே நாளில் இன்னொரு கடையில் வேலை செய்யவும் கூடாது. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை கட்டாயம். அது எந்தக் கிழமை என்பதைக் கடையில் எல்லோரும் காணும்படி எழுதி வைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் மாற்றவும் கூடாது.

பிளஸ் ஒன் படிக்கும் 16 வயது மாணவி ஒருவர், விடுமுறை நாளில் ஜெராக்ஸ் கடையில் உதவியாளராகச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை 9 மணிக்கு வந்தால் 12 மணிக்கு ஓய்வு. பிற்பகல் 1 மணிக்கு மீண்டும் தொடங்கி 3 மணிக்கு முடிக்க வேண்டும். மொத்தம் ஆறு மணி நேரம், அதில் வேலை ஐந்து மணி நேரம். பள்ளி நாளில் கணக்கு இன்னும் சுருங்கிவிடும்: மாலையில் பள்ளி விட்டு, வீட்டுக்கு வந்து, கடைக்குப் போய்ச் சேர ஐந்து மணி ஆனால், ஏழு மணிக்குள் இரண்டு மணி நேரம்தான் மிஞ்சும். சட்டப்படி அமையக்கூடிய பகுதி நேர வேலை என்பது இவ்வளவுதான்.

மதுரையின் வியாபாரம் நடக்கும் நேரத்தை இதன் அருகில் வைத்துப் பார்த்தால் சிக்கல் புலப்படும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் விளக்குத்தூண் பகுதித் துணிக்கடைகளில் கூட்டம் நெரிவது பொழுது சாய்ந்த பிறகுதான். புரோட்டாக் கடையில் கல் சூடாவதே மாலைக்கு மேல்தான். பேப்பர் போடும் வேலையோ விடிவதற்குள் முடிந்துவிடுகிறது. ஆக, மாணவர்களை அதிகமாகத் தேடும் வேலைகள் மூன்றுமே தடை செய்யப்பட்ட நேரத்தில் நடப்பவை. 17 வயது மாணவரைப் பகல் வேலைக்கென்று சேர்த்து, பண்டிகைக் கூட்டம் வந்ததும் “இன்னைக்கு ஒரு நாள் பத்து மணி வரைக்கும் இருப்பா” என்று சொல்லும் முதலாளி, தாம் ஓர் உதவி கேட்பதாக எண்ணலாம்; சட்டம் அதை மீறலாகவே எண்ணும். கேட்கும் முதலாளியிடம் மறுத்துப் பேசும் துணிவு அந்த வயதில் வருவது அரிது என்பதால், முதல் நாளே பெற்றோர் நேரில் போய், “ஏழு மணிக்குள் அனுப்பிவிடுங்கள்” என்று பேசி வைப்பது நல்லது.

வண்டி ஓட்டும் வேலை தனிக் கவனம் பெற வேண்டும். பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பதற்காகக் கடை ஸ்கூட்டரைப் பள்ளி மாணவரிடம் கொடுப்பது பரவலாக நடக்கிறது. 50 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்தை 18 வயது நிறையாதவர் ஓட்டவே முடியாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், பெற்றோரோ வண்டி உரிமையாளரோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் பெற நேரிடும். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்த மாணவர் 25 வயது வரை உரிமம் பெற முடியாது.

18 வயது நிறையாத ஒருவரைச் சேர்க்கும் கடைக்காரர் செய்ய வேண்டிய எழுத்து வேலை அதிகமில்லை. நிறுவனத்தின் பெயர், முகவரி, பொறுப்பாளர், வேலையின் தன்மை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, 30 நாட்களுக்குள் தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மாணவரின் பெயர், பிறந்த தேதி, வேலை நேரம், ஓய்வு நேரம், வேலையின் தன்மை ஆகியவை எழுதப்பட்ட பதிவேடு கடையில் இருக்க வேண்டும்; ஆய்வாளர் எப்போது கேட்டாலும் காட்ட வேண்டும். நடைமுறையில் இந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் சிறு கடைகள் மிகக் குறைவு என்பது வருத்தத்துக்குரியது. பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் இந்தப் பதிவேட்டைக் கேட்டால், அந்தக் கடை எப்படிப்பட்டது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஐ.டி.ஐ. வழியாகவோ நேரடியாகவோ தொழில் பழகச் சேர்வது வேறு வகை. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் அதற்கு 14 வயதைக் குறைந்த அளவாக வைத்து, 18 நிறையாதவருக்காகக் காப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்கிறது.

பணமும் பத்திரமும்

சில மில்களும் நிறுவனங்களும் ஏஜென்ட் மூலமாகக் கிராமத்துப் பெண் பிள்ளைகளைச் சேர்த்து, மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும் வழக்கம் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் தமிழ்நாட்டில் நீண்ட காலம் பேசப்பட்டது. விடுதியில் தங்கி ஷிப்ட் பார்ப்பது எந்த வகையிலும் பகுதி நேர வேலை அல்ல. பள்ளிப் படிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. இங்கே அறிய வேண்டியது ஒன்று: 18 வயது நிறையாதவர் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம், இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அவரைக் கட்டுப்படுத்தாது. “பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், பாதியில் போனால் பணம் கிடையாது” என்ற மிரட்டலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. சிறாரை வேலைக்காகப் பிணைத்து வைப்பதும், அவர் ஈட்டிய பணத்தைக் கொடுக்காமல் பிடித்து வைப்பதும், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 79-ஆவது பிரிவின் கீழ் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கத்தக்க குற்றம்.

சம்பளத்தைப் பிள்ளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடச் சொல்வது நல்ல வழக்கம். 10 வயது நிறைந்த சிறார் தம் பெயரிலேயே சேமிப்புக் கணக்கை இயக்க ரிசர்வ் வங்கி இடம் தருகிறது. கணக்கில் பணம் ஏறினால் எவ்வளவு வந்தது, எந்த மாதம் வரவில்லை என்பதற்கு எழுத்துச் சான்று தானாகவே அமைந்துவிடும்.

மீறினால் என்ன ஆகும்

14 வயது நிறையாத குழந்தையை வேலைக்கு வைத்தாலும், 18 நிறையாதவரை ஆபத்தான தொழிலில் அமர்த்தினாலும், தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே குற்றத்தை மீண்டும் செய்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. பிடியாணை இல்லாமலே காவல் துறை நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் இது. பெற்றோரைப் பொறுத்தவரை சட்டம் சற்றே இளகியிருக்கிறது: முதல் முறை அவர்களுக்குத் தண்டனை இல்லை, மீண்டும் நிகழ்ந்தால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. வறுமையால் பிள்ளையை அனுப்பிய தாயையும், மலிவுக் கூலிக்காக அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்ட முதலாளியையும் ஒரே தட்டில் நிறுக்காததைச் சட்டத்தின் நியாயமான பகுதியாகவே கருதுகிறேன்.

அபராதத் தொகை மறுவாழ்வு நிதிக்குச் செல்கிறது. மீட்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்காகவும் அரசு தன் பங்காக 15,000 ரூபாயை அந்த நிதியில் சேர்க்க வேண்டும்; அந்தப் பணமும் அதன் வட்டியும் குழந்தைக்கே உரியவை.

பள்ளி வயதுப் பிள்ளை தடை செய்யப்பட்ட வேலையிலோ நேரத்திலோ இருப்பதைக் காண்பவர், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கட்டணமின்றி அழைக்கலாம். மத்திய அரசின் ‘பென்சில்’ இணையதளத்திலும், மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம். புகார் கொடுப்பவர் அந்தப் பிள்ளையின் உறவினராக இருக்க வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் நீதித்துறை நடுவர் மன்றத்திலேயே நேரடியாகப் புகார் செய்யவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. கடையின் பெயர், தெரு, பிள்ளையைக் கண்ட நேரம் ஆகிய மூன்றையும் தெளிவாகச் சொன்னால், விசாரிக்க வருபவர்கள் சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் வந்து சேர முடியும்.